பார்வையற்றவருக்கு நிறத்தைச் சொல்வது எப்படி?

2009இல் முள்ளிவாய்க்காலில் ஷெல் துண்டு பட்டு என் தம்பியின் இரு கண்களும் போயின. அப்போது அவனுக்கு 15 வயது. அதன் பின் வீட்டில் நாங்கள் நிறங்களைப் பற்றிக் கதைப்பதையே விட்டுவிட்டோம். அது பிழை என்பதை அவன்தான் உணர்த்தினான். புதுச் சேட்டைத் தடவிப் பார்த்து, "என்ன கலர்?" என்றான். மண் நிறம் என்றேன்.

"எந்த மண் அக்கா? வலிகாமத்துச் செம்மண்ணோ, கடற்கரை மணலோ?"

ஏழு வயதுக்குப் பின் பார்வையை இழந்தவர்களின் கனவில் பெரும்பாலும் காட்சிகள் தொடர்ந்து வரும். நிறமும் நினைவில் நிற்கும். அவர்களுக்கு நிறத்தை விளக்கத் தேவையில்லை. முன்பு கண்ட பொருளொன்றைத் துல்லியமாகச் சொன்னால் போதும்: பனம்பழத்தின் உட்சதை, வாடிச் சிவந்த பூவரசம்பூ.

பிறவியிலேயே பார்வையற்றவருக்கு இது உதவாது. சிவப்பைச் சூடு என்றும் நீலத்தைக் குளிர் என்றும் தொட்டுக் காட்டுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. குளிர்ந்த செவ்வரத்தம்பூவும் சிவப்புத்தானே. பளிச்சிடும் சிவப்பை எக்காள ஒலி போன்றது என விளங்கிக்கொண்ட பார்வையற்ற ஒருவரைப் பற்றி மெய்யியலாளர் ஜோன் லொக் 17ஆம் நூற்றாண்டிலேயே எழுதினார். நிறம் மனிதர்களிடையே என்ன வேலை செய்கிறது என்று சொல்வதே மேல். மிதிவெடிப் பலகை ஏன் சிவப்பு, மாங்காய் மஞ்சளானதும் ஏன் ஆய்கிறோம், செத்தவீட்டுக்கு ஏன் வெள்ளை உடுக்கிறோம்.

நினைவிலுள்ள நிறம் தானாக மாறாது. தம்பிக்கு அம்மாவின் தலைமயிர் போன வருடம்வரை கறுப்பாகவே இருந்தது. நரைத்துவிட்டது என்று நான்தான் சொன்னேன்.

"முழுக்கவோ?"

பிடரிப் பக்கம் கொஞ்சம் கறுப்பு இருக்கு என்றேன்.