வன்னியின் அரை மணித்தியாலம்

கலியாணப் பேச்சொன்றில் ஒரே பிள்ளைக்கு இரண்டு குறிப்புகள் வந்து சேர்ந்தன. பிள்ளை பிறந்தது 1998இல், வன்னியில். முதற் குறிப்பு, பிறந்து சில மாதங்களில் அங்கிருந்த சாத்திரியார் ஒருவர் அப்பியாசக் கொப்பித் தாளில் எழுதிக் கொடுத்தது. மற்றது அண்மையில் இங்கே கணனியில் எடுத்தது. சாத்திரியாரின் தாளில் துலா இலக்கினம். கணனித் தாளில் கன்னி. தாயார் தான் சொன்ன நேரத்தில் ஒரு நிமிடமும் மாற்றமில்லை என்கிறார். மருத்துவிச்சி மணிக்கூட்டைப் பார்த்துச் சொன்னதைத் தன் காதாலேயே கேட்டவர் அவர். கணனியும் கூட்டல் கழித்தலில் பிழை விடும் சாமான் அல்ல. சாத்திரியார்தான் பிழைவிட்டார் என்று மாப்பிள்ளை வீட்டார் முடிவுகட்டியிருந்தார்கள். அவர் இன்று உயிரோடு இல்லை என்பதால் அந்த முடிவு எல்லோருக்கும் வசதியாகவும் இருந்தது.

சாதகத்தில் எமக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் எங்கள் மத்தியில் கணனி வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது இலக்கினப் பிழையில்லை, அரை மணித்தியாலப் பிழை" என்றார். அந்த அரை மணித்தியாலத்தைத் தேடிப் போனதன் விளைவே இக்கட்டுரை.

உலகத்துக் கணனிகளும் கைத்தொலைபேசிகளும் எந்த ஊரில் எந்த நாளில் என்ன நேரம் என்பதைப் பெரும்பாலும் ஒரே தரவுக் கோவையிலிருந்துதான் அறிந்துகொள்கின்றன. 1980களில் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் பணியாற்றிய ஆர்தர் டேவிட் ஒல்சன் என்பவர் தொடங்கிய வேலை அது. பிற்காலத்தில் போல் எகர்ட் என்ற கணனி விஞ்ஞானி அதன் பொறுப்பை ஏற்றார். சாதாரண எழுத்துக் கோப்புகள்தான். எந்த அரசு எந்த நாளில் மணிக்கூட்டை முன்தள்ளியது, எப்போது பின்னிழுத்தது என்று வரிவரியாக எழுதப்பட்டிருக்கும். எழுதியவர்கள் பெரும்பாலும் கூலி வாங்காதவர்கள். பத்திரிகைத் துணுக்கு, வர்த்தமானி, பழைய புகையிரத அட்டவணை என்று எங்கெங்கோ தேடிப் பொறுக்கிச் சேர்த்திருக்கிறார்கள்.

இந்தக் கோவைக்கு ஆபத்து வந்ததும் சாத்திரத்தின் வழியாகத்தான் என்பது ஒரு வேடிக்கை. பழைய நேரமாற்றங்கள் பலவற்றுக்கு அதில் ஆதாரமாகக் காட்டப்பட்டிருந்தவை தோமஸ் ஷாங்ஸ் என்பவர் சோதிடர்களுக்காகத் தொகுத்த நூல்கள். அவற்றின் உரிமை தம்முடையது என்று அஸ்ட்ரோலேப் என்ற சோதிட மென்பொருள் நிறுவனம் 2011இல் ஒல்சன் மீதும் எகர்ட் மீதும் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. கோவை சில நாட்கள் முடங்கியது. பின்னர் இணையப் பெயர்களையும் எண்களையும் பராமரிக்கும் அமைப்பு அதைத் தன் பொறுப்பில் எடுத்தது. மணிக்கூடு எத்தனை மணி காட்டியது என்பது யாருக்கும் சொந்தமில்லாத வரலாற்று உண்மை என்ற வாதத்துக்கு முன்னால் நிற்க முடியாமல், 2012 பெப்ரவரியில் நிறுவனம் வழக்கை மீளப் பெற்றுக்கொண்டது. மேற்கு நாட்டுச் சோதிடர்களுக்கும் பிறந்த நேரம் ஒரு பெரிய தலையிடி என்பதை இதிலிருந்து தெரிந்துகொண்டோம்.

இக்கோவையில் இலங்கைக்கு ஒரேயொரு பதிவு உண்டு: 'ஆசியா/கொழும்பு'. அதன் வரிகளை வாசிப்பது ஒரு சுருக்கமான இலங்கைச் சரித்திரத்தை வாசிப்பது போல.

முதலில் கொழும்பின் சூரிய நேரம்: கிறீன்விச்சிலிருந்து 5 மணி 19 நிமிடம் 24 செக்கன். அடுத்து 1880 முதல் மொறட்டுவையின் நேரம். எட்டே எட்டுச் செக்கன் வித்தியாசம். 1906இல், இந்தியாவைப் போலவே, ஐந்தரை மணி. இந்த ஐந்தரைக்குரிய 82½ பாகைக் கோடு இலங்கையில் எங்கும் விழுவதில்லை. கிழக்குக் கரைக்கும் அப்பால் கடலில் விழுகிறது. யாழ்ப்பாணத்துச் சூரிய நேரம் 5 மணி 20 நிமிடம். ஆக, 1906 தொடக்கமே எங்கள் மணிக்கூடு சூரியனை விடப் பத்து நிமிடம் முந்தி ஓடிக்கொண்டிருக்கிறது.

பிறகு யுத்தம். 1942 ஜனவரி 5இல் அரை மணித்தியாலம் முன்னே. அவ்வருட ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. செப்டெம்பரில் இன்னும் அரை மணித்தியாலம் முன்னே. 1945 ஒக்டோபர் 16இல் எல்லாம் பழையபடி. அந்த மூன்றே முக்கால் வருடத்தில் பிறந்தவர்களின் பழைய குறிப்புகள் பலவற்றுக்கு இதனால் சேதமில்லை. சூரிய உதயத்திலிருந்து எத்தனை நாழிகை, எத்தனை விநாடி என்று கணக்கெடுத்து எழுதும் வழக்கம் அப்போது இருந்தது. வெள்ளைக்காரன் மணிக்கூட்டை எங்கே திருப்பினாலும் உதயாதி நாழிகை அசையாது. மணியும் நிமிடமும் எழுதத் தொடங்கிய பின்னர்தான் அரசாங்கம் எங்கள் இராசிக் கட்டத்துக்குள் கால் வைத்தது.

அடுத்த மாற்றத்துக்கு ஐம்பது வருடங்கள் சென்றன. 1996இல் மழை பொய்த்து, நீர்மின் தேக்கங்கள் வற்றி, தெற்கில் கடும் மின்வெட்டு. மே 25 நள்ளிரவு பன்னிரண்டு மணியை ஒரு மணியாக்கினார்கள். கிறீன்விச்சுக்கு ஆறரை மணி முன்னால், அதாவது பர்மாவின் நேரம். விடியற்புற இருட்டு நீண்டது. அவ்வருடம் ஒக்டோபர் 26 அதிகாலை 12.30க்கு அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆறு மணி என்ற அந்த இடைநிலை 2006 ஏப்ரல் வரை நீடித்தது.

இங்கே ஒரு கிளைக்கதை. ஐரோப்பிய ஒன்றியத்து நாடுகள் எல்லாம் கோடை நேரத்தை ஒரே நாளில் முடிப்பது என்று ஒத்துக்கொண்டு நடைமுறைப்படுத்திய முதல் வருடமும் அதுதான். 1996 ஒக்டோபர் 27. ஜேர்மனியில் இருந்த ஒருவருக்குக் கொழும்புடன் வித்தியாசம் வெள்ளிக்கிழமை நாலரை மணித்தியாலம், சனிக்கிழமை நாலு, ஞாயிற்றுக்கிழமை ஐந்து. கொழும்பு லொட்ஜ்களில் ஏஜென்சிக்காரனின் அழைப்புக்காகக் காத்திருந்த எமது சனங்களில் எத்தனை பேர் அந்த மூன்று நாளில் தொலைபேசியைத் தவறவிட்டார்களோ.

வன்னிக்கு வருவோம். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க என்று கொண்டுவந்த நேரம் அது. வன்னியில் மிச்சம் பிடிக்க மின்சாரம் இருக்கவில்லை. 1990இல் போர் மீண்டும் தொடங்கிய காலத்திலேயே வடக்குக்கான மின்வலை அறுந்துபோயிற்று. தடை செய்யப்பட்ட மண்ணெண்ணெயை ஜாம் போத்தலில் ஒரு விரற்கடை விட்டு, திரி போட்டுக் கொளுத்திப் படித்தார்கள் பிள்ளைகள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டார்கள். லக்சபானாவில் தண்ணீர் வற்றியதற்காக இந்த விளக்குகள் ஒரு மணித்தியாலம் முந்தி அணைய வேண்டும் என்பதில் எந்த நியாயமும் இல்லை.

விடுதலைப் புலிகள் புதிய நேரத்தை ஏற்கவில்லை. அவர்களின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் மணிக்கூடு ஐந்தரையிலேயே ஓடியது. இதை நியாயத்தின் பேரில் செய்தார்களா, தனி அரசுக்குத் தனி நேரம் என்ற எண்ணத்தில் செய்தார்களா என்று கேட்டால், இரண்டும் கலந்திருந்தன என்பதே எமது எண்ணம். சனங்களிடம் எந்தத் தரப்பும் கேட்டதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் சனங்களுக்குப் பழைய நேரம் பிடித்திருந்தது. சூரியனோடு ஒத்துப்போனது, இந்திய வானொலிகளோடும் ஒத்துப்போனது. லண்டனிலிருந்து வந்த தமிழோசை வன்னியில் இரவு ஒன்பதே காலுக்கு. யாழ்ப்பாணத்தில் அதே குரல் ஒன்பதே முக்காலுக்கு.

யாழ்ப்பாணத்தில் ஏன் என்றால், 1996 மே மாதத்துக்குள் குடாநாடு இராணுவத்தின் கையில் வந்துவிட்டது. 1995 ஒக்டோபர் இடம்பெயர்வில் தென்மராட்சிக்குப் போனவர்களில் ஒரு பகுதி வீடு திரும்பியது. மற்றப் பகுதி கிளாலிக் கடலைத் தாண்டி வன்னிக்குப் போயிற்று. எத்தனையோ குடும்பங்களில் தாய் தகப்பன் ஒரு நேரத்திலும் பிள்ளைகள் இன்னொரு நேரத்திலுமாக வாழ்ந்தார்கள்.

இந்த நேர எல்லையை வரைபடத்தில் கோடாகக் கீற முடியாது. அது போர்முனையோடு சேர்ந்து நகர்ந்தது. 1996 செப்டெம்பரில் கிளிநொச்சியை இராணுவம் பிடித்தது. சனம் இல்லாத அந்த ஊரில் கொழும்பு நேரம் ஓடியது. 1998 செப்டெம்பரில் கிளிநொச்சி திரும்பவும் புலிகளிடம். 1997 மே தொடங்கிய ஜெயசிக்குறு நடவடிக்கையில் வவுனியாவுக்கு வடக்கே கண்டி வீதியோரக் கிராமங்கள் ஒவ்வொன்றாக நேரம் மாறின. 1999 நவம்பரில் சில நாட்களுக்குள் திரும்ப மாறின. 2000 ஏப்ரலில் ஆனையிறவு விழுந்தபோது எல்லை முகமாலைக்குப் போனது. ஷெல்லுக்கு ஓடும் சனம் மணிக்கூட்டைத் திருப்பியதா என்று கேட்பது அபத்தம். ஆனாலும் அந்த ஊர்களிலும் பிள்ளைகள் பிறந்தன.

2002இல் யுத்த நிறுத்தம் வந்து கண்டி வீதி திறந்தபோது, இங்கிருந்து போன எங்களில் பலர் இந்த விசித்திரத்தைக் கண்ணால் கண்டோம். கொழும்பில் ஏறி ஓமந்தையில் இறங்கும்போது அரை மணித்தியாலம் பின்னால். வன்னியைக் கடந்து முகமாலையில் திரும்பவும் அரை மணித்தியாலம் முன்னால். ஒரே வீதி, ஒரே பகல். சோதனைச்சாவடி எந்த நேரத்தில் மூடும் என்று கேட்டால், "ஆற்றை நேரம்?" என்று எதிர்க்கேள்வி வரும்.

2006 ஏப்ரலில், புத்தாண்டு நாளின் நள்ளிரவு கழிந்து 12.30 ஆனதும் மணிக்கூட்டைப் பன்னிரண்டுக்குத் திருப்பி, இலங்கை ஐந்தரைக்கே மீண்டது. ஒன்பது வருடமும் பதினொரு மாதமும் கழித்துக் கொழும்பு வன்னியின் நேரத்துக்கு வந்து சேர்ந்தது. இரண்டு பக்கத்து மணிக்கூடுகளும் ஒன்றான நாலு மாதத்தில், ஓகஸ்டில், முகமாலைப் பாதை மூடப்பட்டது.

இனிக் கோவைக்குத் திரும்புவோம். 1970க்குப் பிறகு மணிக்கூடுகள் வேறுபட்டு ஓடிய பிரதேசம் ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவு என்பது அதன் பொதுவான விதி. நாடு, அரசு, அங்கீகாரம் என்பதெல்லாம் கணக்கில்லை. சனங்கள் எந்த நேரத்தைப் பார்த்தார்கள் என்பதுதான் கணக்கு. அதனால்தான் காசாவுக்கும் ஹெப்ரோனுக்கும் தனிப் பதிவுகள் உள்ளன. முழுச் சீனாவுக்கும் பீஜிங் நேரமே சட்டமாயினும், உய்குர் மக்கள் பார்க்கும் இரண்டு மணித்தியாலம் பிந்திய நேரத்துக்காக உரும்கி என்ற பதிவும் உண்டு. ஆனால் வன்னியின் மணிக்கூடு 1970க்குப் பிறகு இந்திய நேரத்தோடு ஒத்தே ஓடியதால், இந்த விதிப்படி அதற்குத் தனிப் பதிவு தேவைப்படவில்லை. அப்படியொன்று இல்லை.

ஆனால் வன்னி முற்றாக விடுபட்டதாகவும் சொல்ல முடியாது. கொழும்புப் பதிவின் மேலே, 2006 ஏப்ரலில் வந்த றொய்ட்டர் செய்தியொன்றிலிருந்து சில வரிகள் குறிப்பாகச் சேர்க்கப்பட்டுள்ளன. புலிகள் 1996 மாற்றத்தை ஒருபோதும் ஏற்கவில்லை, ஐந்தரையிலேயே இருந்தார்கள் என்பது அதன் சாரம். கோப்பில் ஒரு வரிக்கு முன்னால் ஒரு குறியிட்டால் அது மனிதர் வாசிப்பதற்கு மட்டும். கணனி அதைத் தாண்டிப் போய்விடும். எங்கள் பத்து வருடம் அந்தக் குறிக்குப் பின்னால் இருக்கிறது.

எகர்ட்டையும் அவரது கூட்டத்தாரையும் இதற்காகக் குறைசொல்ல எமக்கு மனமில்லை. நகரும் எல்லைக்கு எப்படிப் பதிவு போடுவது? அதிலும் எந்த ஆதாரத்தைக் காட்டி? வன்னியின் அலுவலகக் கடதாசிகளும் மருத்துவமனைக் கொப்பிகளும் 2009இல் சனத்தோடு சேர்ந்து நடந்து, முள்ளிவாய்க்காலில் மண்ணோடு போயின. எமது ஆட்களும் எழுதி வைக்கவில்லை. மாவீரர் பட்டியலில் நாள் உண்டு, இடம் உண்டு. அந்த அரை மணித்தியாலத்தைப் பற்றி எந்தச் சஞ்சிகையிலும் நாலு பக்கம் எழுதியதாக எமக்கு நினைவில்லை.

அரை மணித்தியாலம் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. இலக்கினம் ஒரு பாகை நகர ஏறக்குறைய நாலு நிமிடம். அரை மணித்தியாலத்தில் ஏழரைப் பாகை. ஒரு இராசி முப்பது பாகை என்பதால், நாலில் ஒரு பிள்ளைக்கு இலக்கினமே மாறும். நவாம்ச இலக்கினம் எல்லோருக்கும் மாறும். சுக்கிர திசையில் பிறந்திருந்தால் திசையிருப்பில் ஐந்து மாதம் வரை கூடிக் குறையும். கிளிநொச்சி என்றோ புதுக்குடியிருப்பு என்றோ ஊர்ப்பெயரைக் கொடுத்ததும் மென்பொருள் கேள்வியில்லாமல் ஆறு மணி என்று எடுத்துக்கொள்கிறது. சாத்திரத்தை விடுங்கள். இறந்த நேரம், காணாமற்போன நேரம், விமானம் வந்த நேரம் என்று சாட்சியங்களை அடுக்கி வைப்பவர்களுக்கும் இது பொருந்தும். இந்த வருடங்களில் ஒரு சம்பவத்தை ஓமந்தைக்கு அப்பால் நின்றவர் எட்டு மணி என்றும், வவுனியாவில் நின்றவர் எட்டரை என்றும் சொன்னால், ஒருவர் பொய் சொல்கிறார் என்று வழக்கறிஞர் எழுதிக்கொள்வார்.

வாசகர்களிடம் ஒரு கேள்வி. 1996 மே 25க்கும் 2006 ஏப்ரல் 15க்கும் இடையில் வன்னியில் எழுதப்பட்ட பிறப்பு அட்டை, பாடசாலை நேரசூசி, கலியாண அழைப்பிதழ் ஏதாவது உங்கள் பெட்டிக்குள் இருக்கிறதா? இருந்தால் நேரத்துக்குப் பக்கத்தில் 'பழைய நேரம்' என்றோ 'புதிய நேரம்' என்றோ எழுதியிருக்கிறதா என்று பார்த்து எமக்கு அறியத் தாருங்கள். நாம் இதுவரை பார்த்தவை பன்னிரண்டு. அவற்றில் நாலில் எழுதியிருந்தது.

கலியாணப் பேச்சு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். நண்பர் மென்பொருளில் ஊர்ப்பெயரை எடுத்துவிட்டு, கையால் ஐந்தரை என்று போட்டார். துலா இலக்கினம் வந்தது. கொப்பித் தாளில் சாத்திரியார் எழுதியிருந்த கட்டமும் கணனிக் கட்டமும் ஒன்றாயின. தாயார் இரண்டையும் மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டார் இன்னும் மறுமொழி சொல்லவில்லை.