கத்திக்கு நடுவர் யார்?

பொழுதுபோக்காகக் கத்தி செய்கிறவர்களுக்கு ஒரு போட்டி நடத்தணும்னு வைத்துக்கொள்வோம். கத்திகள் வந்துவிடும், பரிசும் தேத்திடலாம். நடுவராக யாரைக் கூப்பிடுவது? செய்கிறவருக்கு உலை தெரியும், விற்கிறவருக்கு விலை தெரியும், வாங்குகிறவருக்குப் பளபளப்பு தெரியும். ஒரே கத்திக்கு மூணு தீர்ப்பு வரும்.

இந்தச் சிக்கல் புதுசு இல்லை. 1790களில் நம்ம நாட்டு உருக்கே இப்படி ஒரு தீர்ப்புக்காக லண்டனில் நின்றது.

பம்பாயிலிருந்து டாக்டர் ஹெலினஸ் ஸ்காட் 'வூட்ஸ்' என்ற இந்திய உருக்குக் கட்டிகளை ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு அனுப்பினார். அதைச் சோதித்தவர்களில் இரண்டு பேர் முக்கியம். ஒருவர் மருத்துவரும் வேதியியலாளருமான ஜார்ஜ் பியர்சன். 1795இல் கட்டுரை வெளியிட்டார். இன்னொருவர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட். அறுவைக் கருவிகளும் கத்திகளும் செய்து விற்றவர்.

பியர்சனின் கேள்வி: இதில் என்ன இருக்கு? ஸ்டோடார்ட்டின் கேள்வி: இது வெட்டுமா?

ஸ்டோடார்ட் அதை அடித்துப் பேனாக்கத்தி செய்தார். அடிப்பது கஷ்டம், ஆனால் உருக்கு அருமை என்பது அவர் தீர்ப்பு. பிறகு பல வருஷம் ஒப்பிட்டுப் பார்த்து, ஐரோப்பாவின் சிறந்த உருக்கைவிட இதுதான் தனக்குப் பிடித்தது என்று கடை அட்டையிலேயே அச்சடித்துவிட்டார்.

கொல்லர் மகனான மைக்கேல் ஃபாரடேவும் 1819இல் வூட்ஸை ஆராய்ந்தார். அதிலிருக்கும் துளி அலுமினியம்தான் ரகசியம் என்று நினைத்தார். அது சரியில்லை. கிட்டத்தட்ட 1.5 சதவீதம் வரும் கார்பன்தான் விஷயம். ஆக, காரணத்தைச் சொல்வதில் ஆய்வகம் தடுமாறியது. பலனைச் சொல்வதில் கை ஜெயித்தது.

அதனால் ஸ்டோடார்ட்டை நல்ல நடுவர்னு சொல்லிடலாமா? அவசரப்படாதீர்கள். அவர் வூட்ஸ் கருவிகளை விற்றவரும்கூட. தீர்ப்பும் விளம்பரமும் ஒரே அட்டையில்!

இந்தப் பிரச்சினைக்கு அமெரிக்க பிளேட்ஸ்மித் சங்கம் (1976இல் தொடங்கியது) ஒரு வழி வைத்திருக்கிறது. முதல் படிநிலைத் தேர்வில் ஒரே கத்தி நாலு சோதனை தாண்டணும். தொங்கும் ஒரு அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்கணும். மரச்சட்டங்களை வெட்டணும். அதற்குப் பிறகும் கை முடியை மழிக்கணும். கடைசியில் 90 டிகிரி வளைத்தாலும் இரண்டு துண்டாகக் கூடாது. கத்தி பாழ்தான். ஆனால் தீர்ப்பில் பாதியைக் கயிறும் மரமுமே சொல்லிவிடுகின்றன. பார்வைக்கும் நேர்த்திக்கும் தனியாக ஒரு நடுவர் குழு உண்டு.

எங்கள் கிளியனூர், மரக்காணம் பக்கம் போட்டி வைத்தால் நடுவர்களைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். பனையேறி ஒருவர்: பாளை சீவுகிறவருக்குக் கத்தி மழுங்கினால் உடனே தெரியும். மீன் வெட்டும் அக்கா ஒருவர்: பத்தாவது மீனிலும் கத்தி அதே மாதிரி இறங்குதான்னு அவர்தான் சொல்லணும். செய்தவர் பேரை மறைத்து, கத்திக்கு நம்பர் மட்டும் போடுங்கள். கத்தி விற்கிறவர் யாராக இருந்தாலும் அந்த மேசையில் வேண்டாம்.

மூணாவது நாற்காலி கொல்லருக்கு. பரங்கிப்பேட்டையில் 1830இல் இரும்பாலை தொடங்கிய ஜோசயா ஹீத், நம்ம கொல்லர்கள் உருக்கு செய்யும் முறையை எழுதி வைத்திருக்கிறார். சின்ன மண் மூசையில் இரும்பு, ஆவாரங்கட்டை, மேலே எருக்கு இலை. களிமண்ணால் அடைத்து உலையில் வைப்பார்கள். இவ்வளவு கைக்கணக்கு தெரிந்தவர்கள் லண்டன் தீர்ப்பு மேசையில் ஒருத்தர்கூட இல்லை. ஒரு கட்டி ஏன் நன்றாக வந்தது, இன்னொன்று ஏன் வரவில்லை என்று கேட்டால், பதில் அவர்களிடம்தான் இருந்திருக்கும். நாம் நடத்தும் போட்டியிலாவது அந்த ஆளை உட்கார வைத்துக் கேட்போமே.