கூட்டம் குறைந்தால் டவரும் உறங்கலாம்: கோவையின் செல்போன் கோபுரங்களும் மின் சிக்கனமும்

இரவு பதினொரு மணிக்கு மேல் கோவை ஒப்பணக்காரத் தெருவில் பெரும்பாலான கடைகளின் ஷட்டர்கள் இறங்கியிருக்கும். விளம்பர விளக்குகளும் அணைந்திருக்கும். ஆனால் கட்டடங்களின் மேல் நிற்கும் செல்போன் டவர்கள் அணைவதில்லை. பகலில் பேச்சுக்கும் வீடியோவுக்கும் பணப் பரிமாற்றத்துக்கும் ஓய்வின்றி உழைத்த கருவிகள், ஆளில்லாத தெருவுக்கும் அலைகளை அனுப்பிக்கொண்டே மின்சாரத்தைச் செலவழிக்கின்றன. இந்த வீண் செலவைக் குறைக்க வழி உண்டா? உண்டு. அதில் கவனிக்க வேண்டிய எச்சரிக்கையும் உண்டு. இரண்டையும் இங்கே பார்ப்போம்.

சும்மா இருந்தாலும் செலவு

ஒரு செல்போன் நிறுவனம் பயன்படுத்தும் மின்சாரத்தில் பெரும்பங்கு டவர்களில் உள்ள ரேடியோ கருவிகளுக்கே போகிறது. அதிலும் அலைகளுக்கு வலுவூட்டும் ஆம்ப்ளிஃபயர்தான் அதிகம் உறிஞ்சுகிறது. 2010 முதல் 2012 வரை ஐரோப்பாவில் நடந்த 'எர்த்' ஆய்வுத் திட்டம் இதற்கு ஒரு கணக்குத் தந்தது. அன்றைய பெரிய டவர் ஒன்றில் ஒரு ஆன்டெனாவுக்கான ரேடியோ கருவி, முழு வேலை செய்யும்போது சுமார் 225 வாட் எடுக்கும். யாருமே பயன்படுத்தாதபோதும் 130 வாட் எடுக்கும். உறக்க நிலைக்கு அனுப்பினால் 75 வாட் போதும். அதாவது, வேலையே இல்லாத நேரத்திலும் பாதிக்கு மேல் செலவாகிறது.

காரணம் எளிது. "நான் இங்கே இருக்கிறேன்" என்று நம் போன்களுக்கு டவர் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். 4ஜியில் இந்த அறிவிப்பு ஒவ்வொரு மில்லி விநாடியிலும் போகிறது. எனவே கருவி கண்ணயர நேரமே இல்லை. 5ஜியில் முக்கிய அறிவிப்பு வழக்கமாக 20 மில்லி விநாடிக்கு ஒருமுறை போனால் போதும். இடைவெளி நீண்டதால் உறக்கத்துக்கு இடம் கிடைத்தது.

உறக்கத்தில் பல வகை

முதலாவது, குட்டித் தூக்கம். அனுப்ப எதுவும் இல்லாத நொடியின் மிகச் சிறு பகுதியில் ஆம்ப்ளிஃபயர் மட்டும் அணைந்து உடனே எழும். நமக்குத் தெரியவே தெரியாது.

இரண்டாவது, ஆன்டெனா கிளைகளைக் குறைப்பது. 5ஜி கருவிகள் பலவற்றில் அலைகளை அனுப்ப 64 கிளைகள் உள்ளன. கூட்டம் குறைந்தால் பாதியை நிறுத்தி வைக்கலாம்.

மூன்றாவது, அலைவரிசையையே நிறுத்துவது. ஒரே டவரில் பல அலைவரிசைகள் இயங்குகின்றன. 700 முதல் 900 மெகாஹெர்ட்ஸ் வரையிலானவை வெகுதூரம் எட்டும், சுவரையும் ஓரளவு ஊடுருவும். 2300, 3300 போன்றவை குறைந்த தூரமே எட்டினாலும் அதிக டேட்டாவைத் தாங்கும். கூட்டம் கலைந்த பின் மேல் அலைவரிசைகளை உறங்க வைத்து, கீழ் அலைவரிசையை மட்டும் காவலுக்கு விடலாம். பக்கத்து டவர்களில் நெரிசல் கூடினால் உறங்குவதை எழுப்ப வேண்டும். உறக்கம் ஆழமாக ஆழமாக மிச்சமும் கூடும், எழுந்திருக்கும் நேரமும் கூடும்.

ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நேரம்

2022 அக்டோபரில் நாட்டில் அறிமுகமான 5ஜி, 2023 தொடக்கத்தில் கோவைக்கும் வந்தது. பழைய 4ஜி கருவிகளோடு புதியவையும் சேர்ந்ததால் சிக்கனத்தின் தேவையும் கூடியது.

எந்த நேரத்தில் எதை உறங்க வைப்பது என்பதுதான் கேள்வி. பீளமேடு டைடல் பார்க் பகுதி வேலை நாள் பகலில் நிரம்பும், விடுமுறையில் வெறிச்சோடும். குடியிருப்புப் பகுதிகளில் கூட்டம் மாலைக்கு மேல்தான். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஏற்றுமதி ஆர்டர் நெருங்கினால் இரவு ஷிஃப்டும் ஓடும்.

ரமலான் மாதத்தை எடுத்துக்கொள்வோம். ஸஹர் நேரத்தில் கோட்டைமேடும் கரும்புக்கடையும் விழித்திருக்கும். வளைகுடாவில் உள்ள உறவுகளோடு வீடியோ அழைப்பில் பேசும் குடும்பங்களும் உண்டு. நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை நிறுத்தி வை என்று எல்லாப் பகுதிக்கும் ஒரே அட்டவணை போட்டால், தேவையான நேரத்தில் நெட்வொர்க் திணறும். எனவே கடிகாரத்தைப் பார்க்காமல், அந்தந்த டவரில் உள்ள உண்மையான நெரிசலைப் பார்த்தே உறக்கம் அமைய வேண்டும். முந்தைய வாரங்களின் போக்கைக் கொண்டு கணித்து, மாற்றம் வந்தால் உடனே திருத்திக்கொள்ளும் மென்பொருள்கள் இதற்காகவே வந்துள்ளன.

எங்கே உறங்கக் கூடாது?

நகரத்தில் ஒரு டவர் உறங்கினால் பக்கத்து டவர் பார்த்துக்கொள்ளும். வால்பாறை எஸ்டேட்களிலும் ஆனைகட்டி மலைப்பகுதியிலும் பல இடங்களில் அப்படித் துணை டவர் இருக்காது. பிரசவ வலிக்கும் யானை நடமாட்டத்துக்கும் உதவி கேட்க அந்த ஒரே சிக்னல்தான். அங்கே குட்டித் தூக்கம் போதும், முழு உறக்கம் கூடாது. 108க்கும் 112க்கும் போகும் அழைப்பு எந்த நேரத்திலும் கிடைக்க வேண்டும் என்பது எந்தச் சிக்கனத்துக்கும் மேலான நிபந்தனை.

மின்வெட்டு சொன்ன பாடம்

2012இல் கொங்குப் பகுதி பட்ட மின்வெட்டை மறந்திருக்க மாட்டோம். விசைத்தறியும் பவுண்டரியும் நின்றபோது, டவர்களின் அடியில் டீசல் ஜெனரேட்டர்கள் உறுமின. அதே ஆண்டு ஜனவரியில், 2015க்குள் கிராமப்புற டவர்களில் 50 விழுக்காடும் நகர்ப்புற டவர்களில் 20 விழுக்காடும் சூரிய ஒளி போன்ற புதுப்பிக்கத்தக்க ஆற்றலோடு மின்வாரிய மின்சாரமும் கலந்த முறைக்கு மாற வேண்டும் என்று மத்திய தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது.

உறக்க முறை இதற்கும் கைகொடுக்கும். 2,000 வாட் எடுக்கும் டவர் இரவில் 1,500 வாட்டில் ஓடினால், மூன்று மணி நேரம் தாங்கும் பேட்டரி நான்கு மணி நேரம் தாங்கும். அந்த ஒரு மணி நேரம் டீசலும் புகையும் மிச்சம். இருட்டில் சிக்னலும் கிடைக்கும்.

நம் வீட்டில்

வைஃபை ரவுட்டரும் ஒரு சின்ன டவர்தான். 10 வாட் எடுக்கும் ரவுட்டர் நாள் முழுதும் ஓடினால் ஆண்டுக்குச் சுமார் 88 யூனிட் ஆகும். இரவில் ஆறு மணி நேரம் அணைத்தால் 22 யூனிட் மிச்சம். சிசிடிவி கேமராவோ, முதியவருக்கான எச்சரிக்கைக் கருவியோ அதில் இணைந்திருந்தால் அணைக்க வேண்டாம். டவருக்குச் சொன்ன விதியே வீட்டுக்கும் பொருந்தும்: தேவை இல்லாதபோது உறங்கட்டும், ஆபத்தில் அழைத்தால் எழுந்திருக்கட்டும்.