பத்து நிமிட உலா

பள்ளிப் பிள்ளைகளை இயற்கை காண வெளியே அழைத்துச் செல்வது என்றவுடன் பேருந்து, கட்டுச்சோறு, பெற்றோர் கையொப்பம், வசூல் கணக்கு ஆகியவையே ஆசிரியர் நினைவுக்கு முதலில் வருகின்றன. ஆண்டுக்கு ஒரு முறை நெடுந்தொலைவு சென்று, நீர்வீழ்ச்சி ஒன்றைக் கண்டு, களைத்துத் திரும்பி, மறுநாள் 'நான் சென்ற சுற்றுலா' என்று ஒரு கட்டுரை எழுதுவித்துவிட்டால் கடமை முடிந்தது என்ற எண்ணம் நெடுங்காலமாக வேரூன்றிவிட்டது. ஆனால் இயற்கைப் பாடத்தைப் பொதுப் பள்ளிகளில் நிலைநாட்டியவர்களின் வரலாற்றைப் புரட்டினால் வேறு செய்தி கிடைக்கிறது. இத்துறையில் பெருநூல் எழுதிய அம்மையார் ஒருவர், வெளிப்புலப் பாடத்திற்கு அரைநாள் வேண்டும் என்று எண்ணுவதே தவறு என்றார். இடைவேளையில் கிடைக்கும் பத்துப் பதினைந்து நிமிடமே போதும். முன்னேற்பாடு மட்டும் செவ்வையாக இருக்க வேண்டும் என்பது அவர்தம் துணிபு. அவர் அமெரிக்க நாட்டு அன்னா பாட்ஸ்ஃபோர்டு காம்ஸ்டாக் அம்மையார்.

இக்கருத்துக்குரிய வித்து அவருக்கு முன்பே ஊன்றப்பட்டிருந்தது. சுவிட்சர்லாந்தில் பிறந்து, ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் பேராசிரியராக விளங்கியவர் லூயி அகாசி. அவரிடம் பயில வந்த ஸ்கடர் என்னும் இளைஞரின் கையில் பதனிட்ட மீன் ஒன்றைக் கொடுத்து, அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்படி சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். உருப்பெருக்கிக் கண்ணாடி கூடாது. வேறு கருவியும் கூடாது. எல்லாம் பார்த்தாயிற்று என்று பத்தே நிமிடத்தில் எண்ணிய இளைஞர், அன்று பகல் முழுதும் அந்த மீனோடு கிடந்தார். மீனின் இருபுறமும் உறுப்புகள் இணையிணையாக ஒத்திருக்கின்றன என்ற வெளிப்படையான உண்மை, ஓர் இரவு கழிந்த பின்னரே அவருக்குத் தட்டுப்பட்டது. அதைக் கேட்டு மகிழ்ந்த ஆசிரியர் அடுத்து என்ன செய்யச் சொன்னார்? மேலும் பார்க்கத்தான் சொன்னார்!

1873ஆம் ஆண்டுக் கோடையில் அகாசி இம்முறையைப் பள்ளி ஆசிரியர்களுக்கே கற்பிக்கத் துணிந்தார். மாசச்சூசெட்ஸ் மாநிலக் கரையை அடுத்துள்ள பெனிகீஸ் என்னும் சிறு தீவையும், அதனுடன் 50,000 டாலர் பணத்தையும் ஜான் ஆண்டர்சன் என்ற வணிகர் வழங்கினார். ஆடவரும் பெண்டிருமாக ஏறத்தாழ ஐம்பது பேர் அங்கே கூடினர். ஆடு அடைத்திருந்த கொட்டகையைக் கழுவிக் கூடமாக்கிக் கொண்டனர். கடலோரப் பாறைகளே பாடநூல். அவ்வாண்டு டிசம்பரில் அகாசி மறைந்தார். மறு கோடையோடு பள்ளியும் முடிந்தது. எனினும் அங்குப் பயின்றவர்கள் தத்தம் ஊர்களுக்கு அவ்வழக்கத்தைக் கொண்டு சென்றனர். இவ்வளவு கூர்மையாகப் பார்க்கக் கற்பித்த அகாசி, டார்வின் கொள்கையை இறுதிவரை ஏற்கவில்லை. மனித இனங்களைப் பற்றி அவர் கூறியவை இன்று எவரும் ஒப்பத்தக்கன அல்ல. கண் கூர்மையாக இருந்தாலும் முன்முடிவு மறைப்பது உண்டு போலும்.

பெனிகீஸ் பள்ளி ஆர்வலர் சிலரின் முயற்சி. அரசுப் பணத்தால் நடக்கும் சிற்றூர்ப் பள்ளிகளுக்கு இயற்கைப் பாடம் வந்து சேர்ந்ததற்குக் காரணம் அறிவு வேட்கை அன்று, வறுமையே ஆகும். 1891 முதல் 1893 வரை நியூயார்க் மாநிலத்தில் வேளாண்மை நொடித்தது. உழவர் குடும்பங்கள் நிலத்தை விட்டு நியூயார்க் நகரை நாடின. நகரத்து அறச்சங்கங்கள் நாட்டுப்புறத்தாருக்குச் சோறு போட வேண்டிய நிலை வந்தது. தன் மக்களைத் தானே காக்க இயலாத அளவுக்கு இம்மாநில மண்ணுக்கு என்ன நேர்ந்தது என்று செல்வர்கள் கூடி ஆராய்ந்தனர். வேளாண்மை வளர்ச்சிக்கென ஒரு குழு அமைந்தது. உழவர் பயிற்சிக் கூட்டங்களை நடத்திப் பட்டறிவு பெற்ற ஜார்ஜ் பவல் என்பார், பிள்ளைகளுக்கு வேளாண்மையில் நாட்டம் உண்டாக்குவதே மருந்து என்றும், இயற்கைப் பாடமே அதன் முதற்படி என்றும் அக்குழுவில் வாதாடினார். வெஸ்ட்செஸ்டர் வட்டாரப் பள்ளிகளில் ஆய்ந்து பார்த்தனர், பயன் தெரிந்தது. 1896இல் மாநிலச் சட்டமன்றம் 8,000 டாலர் ஒதுக்கிக் கார்னெல் பல்கலைக் கழகத்திடம் இப்பணியை ஒப்படைத்தது.

ஆகவே, சிற்றூர்ப் பிள்ளை சிற்றூரிலேயே தங்க வேண்டும் என்ற நோக்கத்தோடு தொடங்கப்பட்டதே இப்பாடம். இந்நோக்கம் ஐயத்திற்கு உரியது. மலாயாவில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி எழுந்த தோட்டப் பள்ளிகளை அறிந்தவர்கள் இவ்வையத்தை எளிதில் உணர்வர். பிள்ளையின் கையில் மண்வெட்டியைக் கொடுத்துச் செடி நடச் சொன்னால், அவன் மரத்தைக் கற்கிறானா அல்லது மரத்தடியிலேயே நிற்கக் கற்கிறானா என்று பெற்றோர் கேட்பதில் பிழை உண்டோ?

கார்னெலில் இப்பணியை ஏற்றவர் தோட்டக்கலைப் பேராசிரியர் லிபர்ட்டி ஹைட் பெய்லி. பணம் தந்தவர்களின் எண்ணம் எதுவாயினும், பெய்லியும் அவர்தம் துணைவர்களும் உழவுத் தொழிலைப் பிள்ளைகளுக்குப் போதிக்க முற்படவில்லை. 1896 டிசம்பரில் ஆசிரியர்களுக்கென வெளிவந்த முதல் துண்டு வெளியீட்டின் பொருள், பூசணிச் செடி எவ்வாறு விதையை விட்டு வெளியேறுகிறது என்பதே. முளைக்கும் தண்டின் அடியில் சிறு முளை போன்ற புடைப்பு ஒன்று தோன்றி, விதைத்தோலின் ஒரு பாதியை மிதித்துப் பிடித்துக்கொள்ள, வளைந்த தண்டு நிமிர்ந்து வித்திலைகளை வெளியே இழுத்துவிடுகிறது. பூசணியை வாணாளெல்லாம் பயிரிட்ட உழவரிற் பலரும் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள். இதை அறிந்ததனால் விளைச்சல் ஒரு காய்கூட மிகுதியாகப் போவதில்லை. ஆனால் கண்ட பிள்ளை மறப்பதில்லை. ஜான் ஸ்பென்சர் என்ற உழவர் 'ஜான் மாமா' என்னும் பெயரில் இளையோர் இயற்கைக் கழகங்களை நடத்தினார். அவற்றில் சேர்ந்த பிள்ளைகள் சந்தாவாகப் பணம் கட்டவில்லை. தாம் கண்டதைக் கடிதமாக எழுதி அனுப்ப வேண்டும், அதுவே சந்தா.

காம்ஸ்டாக் அம்மையார் மேற்கூறிய வேளாண்மைக் குழுவில் தொடக்கத்திலிருந்தே இருந்தவர். 1854இல் நியூயார்க் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். காட்டுப் பூக்களின் பெயர்களையும் விண்மீன்களின் பெயர்களையும் தாயிடமே கற்றார். கணவர் ஜான் ஹென்றி காம்ஸ்டாக் கார்னெலில் பூச்சியியல் பேராசிரியர்; அகாசியின் மாணாக்கராகிய வைல்டரிடம் பயின்றவர். அகாசியின் மீன் இவ்வழியாகக் கார்னெல் வந்து சேர்ந்தது எனலாம். கணவரின் நூல்களுக்கு வேண்டிய பூச்சிப் படங்களை மரக்கட்டையில் செதுக்க அம்மையார் அக்கலையை முறையாகப் பயின்றார். பூச்சியின் கால் மயிரை எண்ணிச் செதுக்கிய கை, பின்னர் ஆசிரியர்களுக்குப் பாடம் எழுதியது.

நாட்டுப்புற ஆசிரியைகளுக்கு அஞ்சல் வழியே அனுப்பிய பாடங்களைத் தொகுத்து, 1911இல் 'இயற்கைப் பாடக் கையேடு' என்னும் பெருநூலை வெளியிட்டார். தொள்ளாயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட அந்நூல் நட்டம் உண்டாக்கும் என்றே கணவர் கணக்கிட்டார். கணக்குப் பொய்த்தது, நூல் பதிப்பு மேல் பதிப்பாக வெளிவந்தது. அரிமாவும் யானையும் அதில் முதலிடம் பெறவில்லை. தொடக்கப் பாடம் கோழியின் இறகைப் பற்றியது. காரணம், கோழி எங்கும் கிடைக்கும். ஒவ்வொரு பாடத்திலும் மையக் கருத்து ஒன்று, கற்பிக்கும் முறை, அதன் பின் பிள்ளை தானே பார்த்து விடை காண வேண்டிய வினாக்கள் என்று வரிசை அமைந்திருக்கும். ஆசிரியர் விடையை முந்திக்கொண்டு சொல்லுதல் ஆகாது.

வெளிப்புல உலாவைப் பற்றி அவர் கூறுவன யாவும் அவ்வினாக்களைச் சார்ந்தே நிற்கின்றன. ஆசிரியர் பலர் இதை ஆபத்தான கடற்பயணம் போல அஞ்சுகின்றனர் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். வெளியே விட்டால் பிள்ளைகள் கும்மாளமிட்டு எல்லாவற்றையும் பார்ப்பார்கள். அல்லது எதையுமே பார்க்க மாட்டார்கள். இதற்கு அவர் சொன்ன வழி, புறப்படும் முன்னரே எதைக் காணப் போகிறோம் என்று வரையறுத்து, அதைக் கண்டறியும் ஆவல் பிள்ளைக்கு எழுமாறு வினாவைக் கொடுத்துவிடுவது. அரைமணி நேர உலாவானால், அதன் நோக்கத்தைப் பற்றி முன்கூட்டியே வகுப்பில் பேச வேண்டும். குறித்ததைக் கவனியாதவனுக்கு அடுத்த முறை இடம் இல்லை. இதைத் தண்டனையாகக் காட்டலாகாது என்பதையும் அவர் வலியுறுத்தினார். காண விரும்புவோர்க்கே உலா உரியது என்பதைப் பிள்ளைகள் இயல்பாக உணர வேண்டும்.

தோட்டப் பள்ளியின் முற்றத்தில் இது எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். ரப்பர்க் காய் வெடிக்கும் பருவம். 'இன்று ரப்பர் மரத்தைப் பார்ப்போம்' என்று சொல்லி நாற்பது பிள்ளைகளை அழைத்துச் சென்றால் அது வெறும் நடை. மரத்தைத்தான் அவர்கள் பிறந்த நாள் முதல் பார்க்கிறார்களே! மாறாக, வெடித்த காயின் ஓடு எத்தனை துண்டாயிற்று, உள்ளே எத்தனை விதைக்கு இடம் இருந்தது, மரத்தடியிலிருந்து எத்தனை அடி தள்ளி விதை கிடக்கிறது, வெயில் ஏறிய வேளையிலா மழை பெய்த வேளையிலா மிகுதியாக வெடிக்கிறது என்று நான்கு வினாக்களைக் கையில் கொடுத்தனுப்பினால், மணி அடித்த பின்னும் பிள்ளைகள் வகுப்புக்கு வரத் தயங்குவர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய தொண்ணூற்றொன்பது பூக்களையும் மூச்சு விடாமல் ஒப்பிக்கும் மாணவன், வேலியோரத்துத் தொட்டாற்சிணுங்கியின் பூ என்ன நிறம் என்று கேட்டால் விழிப்பதுண்டு. கபிலர்மீது குற்றம் இல்லை. அவர் பார்த்துவிட்டுத்தான் பாடினார்.

இவ்வினாக்களுள் ஏதேனும் ஒன்றுக்கு ஆசிரியருக்கே விடை தெரியாமற் போனால்? அம்மையாரின் நூலில் ஆசிரியர் உள்ளத்தை மிகவும் ஆற்றும் பகுதி இதுவே. தெரியாது என்று மாணவர் முன் வெளிப்படையாக ஒப்புக்கொள்ள வேண்டும். நாம் சேர்ந்து கண்டுபிடிப்போம் என்று சொல்ல வேண்டும் என்றார். இயற்கையைப் பற்றி அறிஞர்க்கும் தெரியாதவை மிகப் பல இருக்க, பள்ளி ஆசிரியர் நாணுவானேன் என்பது அவர் வாதம். எல்லாம் தெரிந்தவரே ஆசிரியர் என்று கருதப்பட்ட காலத்தில் இதைச் சொல்லத் துணிவு வேண்டும்.

குறிப்பேட்டைப் பற்றி அவர் சொன்னதும் நம் பள்ளி வழக்கத்துக்கு நேர்மாறானது. வெளியே கொண்டு செல்லும் குறிப்பேடு பிள்ளையின் சொந்த உடைமை. அதில் ஆசிரியர் குற்றம் காணலாகாது. ஊக்குவதற்காக மட்டுமே ஏதேனும் கூறலாம். எழுத்துப் பிழைக்குச் சிவப்பு மை தீட்டத் தொடங்கிய நாளே பிள்ளை பூச்சியை விட்டுவிட்டுப் பேனாவைக் கவனிக்கத் தொடங்குவான். இயற்கைப் பாடத்தைத் தேர்வுக்குரிய சுமையாக்குவதையும் அவர் விரும்பவில்லை.

இத்தகையவரைப் பல்கலைக் கழகம் எவ்வாறு நடத்தியது? பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுந் தறுவாயில் அவருக்குத் துணைப் பேராசிரியர் பட்டம் தரப்பட்டது. பெண்ணுக்கு அப்பட்டமா என்று ஆட்சிக்குழுவினர் சிலர் எதிர்க்கவே, விரைவில் அது விரிவுரையாளர் என்று மாற்றப்பட்டது. 1913இல்தான் பழைய பட்டம் திரும்பக் கிடைத்தது. முழுப் பேராசிரியரானது 1920இல். அப்போது அவருக்கு வயது அறுபத்தைந்து. 1930இல் மறைந்தார்.

அவருடைய இயக்கமும் அதற்குள் தளர்ந்துவிட்டது. இயற்கைப் பாடத்தில் உணர்ச்சி மிகுதி, ஒழுங்கு குறைவு என்று அறிவியலார் குறை கூறினர். பறவைக்கும் வண்டுக்கும் மனித உள்ளத்தை ஏற்றிச் சொல்லும் கதைகள் சில வகுப்பறைகளில் பெருகியிருந்ததால் அக்குறையில் உண்மையும் இருந்தது. 1927இல் கொலம்பியா ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த ஜெரால்டு கிரெய்க், தொடக்கப் பள்ளி அறிவியலுக்குப் படிமுறையான பாடத்திட்ட ஆய்வை வெளியிட்டார். அதன்பின் பொது அறிவியல் என்ற பெயர் பரவியது. காந்தம், மின்சாரம், காற்றழுத்தம் ஆகியன முறையாக இடம் பெற்றது நன்மையே. ஆனால் அவற்றை மேசைமீது காட்டிவிடலாம். கதவைத் திறக்க வேண்டிய கட்டாயம் ஆசிரியருக்கு அத்துடன் குறைந்தது. வெளியே செல்வது அன்றாடப் பாடத்தினின்று நீங்கி, ஆண்டுக்கு ஒரு நாள் நிகழும் விழாவாயிற்று.

கையேடு மட்டும் மறையவில்லை. 1939இல் திருத்திய பதிப்பும், 1986இல் கார்னெல் பல்கலைக் கழக அச்சகத்தின் மறுபதிப்பும் வந்தன. உலாவைப் பற்றிய அதன் பகுதியில் அம்மையார் ஓர் ஆசிரியையைக் குறிப்பிடுகின்றார். நியூயார்க் மாநிலத்தில் எங்கோ ஒரு பள்ளி; அதைச் சுற்றியிருந்த பொதுவான செடிகளையும் மரங்களையும் எல்லாம் அவ்வாசிரியை தம் மாணவர்களோடு இடைவேளை உலாக்களிலேயே கற்று முடித்தார். அவர் பெயர் நூலில் இல்லை.