பட்டு நூல் புகட்டும் பாடம்

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



எவரிடமும் தேவையற்றவன் அல்லாஹ் ஒருவனே. ‘அஸ்ஸமத்’ என்பது அவனது திருநாமம். படைப்புகளோ ஒன்றையொன்று சார்ந்தே வாழ்கின்றன. தனிமனிதர்க்கு உள்ள இந்நியதி சமுதாயங்களுக்கும் நாடுகளுக்கும் பொருந்தும். இதனை உணர நாம் தூரதேசம் செல்ல வேண்டுவதில்லை. நமது அண்டை நகரான காஞ்சியின் பட்டுச் சேலையே போதுமான சான்றாகும்.

பட்டு ஆண்கள் அணிய மார்க்கம் தடுத்ததாயினும், பெண்கள் அணியவும், அதனை வாணிபம் செய்யவும் ஆகுமானதே. காஞ்சிப் பட்டின் பெருமை அதன் கோர்வை நெசவில் உள்ளது. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமைய மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். தறியில் அமர்ந்தவர் ஒருவராக அதனைச் செய்வது அரிது. மறுபுறம் நாடாவை வாங்கித் தர இன்னொரு கை வேண்டும். நூலோ பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை குஜராத்தின் சூரத்திலிருந்து வருகிறது. முகலாயர் காலத்தில் ஹஜ் பயணிகள் கப்பலேறிய ‘மக்காவின் வாசல்’ அந்தச் சூரத் நகரமேயாகும். நெய்பவரும் சாயமிடுபவரும் விற்பவரும் வாங்குபவரும் ஒரே சமயத்தவர் அல்லர்.

கர்நாடகத்தில் பட்டு வளர்ந்த வரலாறு சிந்திக்கத் தக்கது. 1780 செப்டம்பர் 10 அன்று, காஞ்சிக்கு அருகிலுள்ள புள்ளலூரில் ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படையை முறியடித்தனர். அன்று போர்வீரராக இப்பகுதிக்கு வந்த அதே திப்பு, பின்னாளில் மைசூரில் பட்டுத்தொழிலை ஊன்றினார். பட்டுப்புழுக்களைக் கொண்டுவர வங்காளத்திற்கு அவர் அனுப்பிய இருவரின் பெயர்கள் 1786ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில் காணப்படுகின்றன. ஒருவர் புர்ஹானுத்தீன், மற்றவர் கஸ்தூரி ரங்கா. ஒரு முஸ்லிமும் ஓர் இந்துவும் சேர்ந்தே அப்பணியை நிறைவேற்றினர்.

1799 மே 4 அன்று சுல்தான் ஷஹீதானார். ஆயினும் அவர் ஊன்றிய தொழில் அவரோடு மடியவில்லை. 1890களில் பார்ஸி சமயத்தவரான ஜாம்செட்ஜி டாடா பெங்களூரில் பட்டுப் பண்ணை அமைத்து ஜப்பானிய வல்லுநர்களை வரவழைத்தார். உலகில் பட்டு உற்பத்தியில் இரண்டாமிடம் வகிக்கும் நம் நாடு, முதலிடத்திலுள்ள சீனாவிலிருந்தும் கச்சாப் பட்டை இறக்குமதி செய்கிறது. நம் தாமலைக் கடந்து செல்லும் பெங்களூரு நெடுஞ்சாலை வெறும் சாலையன்று. பலரது அடுப்பெரியச் செய்யும் வழியுமாகும். 2020 மார்ச்சில் கொரோனாவால் ஊரடங்கு வந்து அவ்வழி அடைபட்டபோது, காஞ்சியின் தறிகளும் ஓய்ந்ததை நாம் கண்ணாரக் கண்டோம்.

அன்பர்களே! “அவர்கள் கடையில் வாங்காதே, அவர்களுக்கு வேலை தராதே” என்ற குரல் எச்சமூகத்தில் எழுந்தாலும் அது தன் தறியின் பாவைத் தானே அறுப்பதாகும். ஹிஜ்ரத்தின்போது உயிருக்கு ஆபத்தான வேளையில், நாயகம் (ஸல்) அவர்கள் தமக்கு வழிகாட்ட நியமித்த அப்துல்லாஹ் இப்னு உரைகித், அப்போது இஸ்லாத்தை ஏற்காதவர். அவரது நேர்மையும் பாதை அறிவும் அங்கே மதிக்கப்பட்டன. மனிதர்கள் பல இனங்களாகவும் கிளைகளாகவும் படைக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்பது அல்ஹுஜுராத் அத்தியாயம் தரும் படிப்பினை.

சார்ந்து வாழ்வது இழிவன்று. சார்ந்திருப்பவருக்குத் துரோகம் செய்வதே இழிவு. எனவே கூலியை உரிய காலத்தில் கொடுப்போம். அளவையில் நேர்மை காப்போம். வாங்கிய கடனைத் தவணை தவறாது தீர்ப்போம். அண்டை வீட்டார் எச்சமயத்தவராயினும் அவர்தம் உரிமையைப் பேணுவோம். நம்மை நம்பியவர் நம்மால் நஷ்டமடையாதிருப்பதே நம் ஜமாஅத்திற்கு அழகு.

வல்ல நாயன் அல்லாஹ் நமக்கும் நம் ஊருக்கும் நாட்டுக்கும் நல்லிணக்கத்தையும் பரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.