தாழ்த்திய காருக்கு எந்த ஷாக் அப்சார்பர் வாங்கலாம்?

சென்னையிலிருந்து தடா அருவிக்குக் கிளம்புறீங்களா? ஸ்பிரிங் மாற்றித் தாழ்த்திய கார் என்றால், நெடுஞ்சாலையில் தெரியாத கோளாறு உள்சாலை வேகத்தடையில் ‘டம்’முன்னு தெரிஞ்சிடும்.

கார் 4 செ.மீ. தாழ்ந்தால், முன்பக்க ஸ்ட்ரட்டின் தண்டு அமுங்கும் இடமும் கிட்டத்தட்ட அவ்வளவு குறையும். அடிக்கடி முட்டினால் சீல் போய் ஆயில் கசியும்.

எனவே மாற்றும்போது பழைய அளவிலேயே வாங்காதீங்க. நீளம் குறைந்த, உங்கள் ஸ்பிரிங்கின் விறைப்புக்குப் பொருந்துகிற ஷாக்கைக் கேளுங்கள். இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்றி, வீல் அலைன்மென்ட் பாருங்கள்.

சட்டத்தையும் மறக்காதீங்க: அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 182ஏ(4)-ன்படி 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சிக்கலே வேண்டாம் என்றால், கம்பெனி ஸ்பிரிங், ஷாக் இரண்டையும் திரும்பப் போட்டுவிடுங்கள்.