ஒரே வீட்டில் மூன்று பூனைகள்: ஒரு பழைய கதை



சென்ற கூட்டத்துக்கு வந்திருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். நம் பிளாக்கில் ஒரு வீட்டில் ஏற்கெனவே இரண்டு பூனைகள். மழைக்கு பார்க்கிங்கில் ஒதுங்கிய ஒரு குட்டியையும் இரக்கப்பட்டு உள்ளே எடுத்துக்கொண்டார்கள். மூன்றே நாளில் வீடு இரண்டுபட்டது. நடுராத்திரியில் உறுமல், சோபாவில் மூத்திர வாடை, கீழ்வீட்டிலிருந்து புகார். "சாக்கில் போட்டு முல்லையாற்றுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டால் தீர்ந்தது" என்றார் ஒருவர். பலர் தலையாட்டினார்கள். நானும் வாய் திறக்கவில்லை. அன்று பேசாமல் இருந்ததற்குத்தான் இப்போது இதை எழுதுகிறேன்.

'எலியும் பூனையும் போல' என்கிறோம். 'நாயும் பூனையும் போல' என்கிறோம். 'பூனையும் பூனையும் போல' என்று நாம் சொல்வதில்லை. ஏன் தெரியுமா? பழைய வீடுகளில் அந்தச் சண்டையை நாம் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை.

கதையைத் தொடக்கத்திலிருந்து பார்ப்போம். சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கல்லறையை பிரெஞ்சு ஆய்வாளர்கள் தோண்டியெடுத்து 2004-ல் அறிவித்தார்கள். ஒரு மனிதர், அவருக்குப் பக்கத்திலேயே எட்டு மாதப் பூனை ஒன்று. அந்தத் தீவில் பூனை இயற்கையாக இருந்ததில்லை; யாரோ படகில் கொண்டுபோயிருக்க வேண்டும். 2007-ல் வந்த மரபணு ஆய்வு, இன்று உலகெங்கும் உள்ள வீட்டுப் பூனைகளின் முன்னோர் மேற்காசியக் காட்டுப்பூனை என்று காட்டியது. அந்தக் காட்டுப்பூனை தனியாக வேட்டையாடி, தனியாகத் தின்று, தனியாகப் படுப்பது. நாயைப் போலக் கூட்டத்தில் பிறந்து தலைவனுக்குக் கட்டுப்பட்ட பிராணி அல்ல. மனிதர் தானியம் சேர்த்தார்கள், எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது. ஒப்பந்தம் அவ்வளவுதான். இன்னொரு பூனையோடு தட்டைப் பகிர்வது அதில் இல்லவே இல்லை.

நம் மொழியிலும் பூனைக்குப் பழைய இடம் உண்டு. காட்டுப்பூனையை 'வெருகு' என்றும் வீட்டுப் பூனையைப் 'பூசை' என்றும் சொன்னார்கள். தொல்காப்பிய மரபியல் வெருகின் இளமைப் பெயராகக் 'குட்டி'யைச் சொல்கிறது. இன்றும் நாம் பூனைக்குட்டி என்றுதான் சொல்கிறோம். மாமல்லபுரம் போனால் 7-ஆம் நூற்றாண்டுப் பாறைச் சிற்பத்தில், பின்னங்காலில் நின்று முன்கால்களை உயர்த்தித் தவம் செய்யும் பூனையைப் பாருங்கள். சுற்றிலும் எலிகள். எலிகள் பல, பூனை ஒன்றே ஒன்று.

நம் பள்ளத்தாக்குக்கு வருவோம். 1895-ல் பெரியாறு அணை வந்த பிறகு கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் நெல் விளைந்தது. நெல் சேர்ந்த இடத்தில் எலி, எலி சேர்ந்த இடத்தில் பூனை. வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். ஓட்டு வீடு, மச்சு, குதிர், கொல்லை, வைக்கோற்போர் என்று பூனைக்கு எத்தனை இடம்! ஒன்று அடுக்களை ஓரம் படுத்தால் மற்றொன்று ஓட்டின் மேல். காலையில் ஒன்று நடந்த மதிலில் மத்தியானம் இன்னொன்று நடக்கும். எதிரே வந்தால் ஒன்று ஒதுங்கும்.

இது வெறும் பாட்டி கதை அல்ல. ஜெர்மன் விலங்கியலாளர் பால் லைஹவுசன் 1950-களிலும் 60-களிலும் இதைத்தான் கவனித்து எழுதினார். பூனைகள் ஒரே பாதையை ஆளுக்கொரு நேரமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. சந்திப்பில் எதிர்ப்பட்டால் உட்கார்ந்து காத்திருக்கின்றன. அதே பூனைகளை இடமில்லாமல் அடைத்தால் ஒன்று கொடுங்கோலன் ஆகிறது, இன்னொன்று எல்லோரிடமும் அடி வாங்கும் ஒதுக்கப்பட்டதாக ஆகிறது என்பதும் அவர் கண்டதே.

அடைப்பது எப்போது எளிதானது? 1947-ல் அமெரிக்காவில் எட்வர்ட் லோ என்பவர், மணல் கேட்டு வந்த பக்கத்து வீட்டம்மாவுக்கு ஈரம் உறிஞ்சும் களிமண் குருணையைக் கொடுத்தார். பூனை மணல் வியாபாரம் அங்கே தொடங்கியது. அதுவரை வெளியே போய்வந்த பூனை, ஆயுள் முழுவதும் நாலு சுவருக்குள் வாழலாம் என்று ஆனது. அந்த வசதிதான் இன்று நம் இரண்டு படுக்கையறை பிளாட்டுக்கும் வந்திருக்கிறது. ஆக, பூனை மாறவில்லை. ஒதுங்கிப் போக அதற்கு இருந்த மச்சையும் மதிலையும் நாம்தான் எடுத்துவிட்டோம். எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தால் சண்டை பெரும்பாலும் தணியும்.

2013-ல் பூனை மருத்துவர்களின் சர்வதேச அமைப்புகள் சேர்ந்து ஒரு வழிகாட்டி வெளியிட்டன. 2024-ல் பூனைகளுக்கிடையிலான பூசலுக்கென்றே இன்னொன்று வந்தது. சாரத்தை நம் வீட்டுக்கு ஏற்றபடி சொல்கிறேன்.

புதுப் பூனையை முதல் நாளே நடுக்கூடத்தில் இறக்கிவிடாதீர்கள். தனி அறையில் தண்ணீர், சாப்பாடு, மணல் தட்டோடு சில நாள் வையுங்கள். அது படுத்த துணியைப் பழைய பூனைக்கும், பழையது படுத்ததைப் புதியதற்கும் மோந்து பார்க்கக் கொடுங்கள். பூனைக்கு வாசனைதான் அறிமுகம். பிறகு மூடிய கதவின் இரு பக்கமும் சாப்பாடு. அமைதியாகத் தின்றால் கதவுக்குப் பதில் கொசுவலைச் சட்டம். அதன் பிறகே நேருக்கு நேர், அதுவும் ஐந்து நிமிடம். சில வீடுகளில் ஒரு வாரம், சிலவற்றில் மாதக்கணக்கு ஆகலாம்.

தட்டு தனித்தனி, ஒன்றையொன்று பார்க்காத இடத்தில். மணல் தட்டு பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதல். மூன்று பூனைக்கு நான்கு, வெவ்வேறு மூலைகளில். வரிசையாக வைத்தால் பூனைக்கு அது ஒரே இடம்தான். பரண், அலமாரியின் மேல்தட்டு இவற்றைக் காலி செய்து ஏற வழி கொடுங்கள். அதுதான் இனி மச்சு. கடுவனோ பெட்டையோ, கருத்தடை செய்துவிடுங்கள்.

சத்தம் இல்லையென்றால் சமாதானம் என்று நினைக்க வேண்டாம். ஒன்று வழியில் உட்கார்ந்து முறைப்பதும், இன்னொன்று அறையைவிட்டு நழுவுவதும் சண்டைதான். அந்த மன அழுத்தம் சிறுநீர்ப் பையைத் தாக்கும். கடுவன் பூனை முக்கியும் சிறுநீர் வராமல் தவித்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். அடைப்பு உயிரைப் பறித்துவிடும்.

சாக்கு யோசனைக்கு ஒரு வார்த்தை. 1952-ல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல், வாயில்லா ஜீவன்களுக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அந்த முயற்சியின் தொடர்ச்சிதான் 1960-ன் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். 1962-ல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது அந்தச் சட்டப்படி குற்றம். வீட்டுச் சாப்பாட்டில் வளர்ந்த குட்டியை ஆற்றோரம் விடுவது வேறென்ன?

அந்த வீட்டுக் குட்டி இன்னும் அங்கேதான் இருக்கிறது. கூட்டம் முடிந்த மறுநாள் மறுபடி தனி அறையிலிருந்து தொடங்கினார்கள். ஏழு வாரம் ஆனது. மூன்றும் நண்பர்களாகிவிடவில்லை. பெரியது பரணில், நடுவது ஜன்னலில், குட்டி துணி துவைக்கும் மிஷின் மேல். காலை வெயில் பால்கனியில் முதலில் பெரியதற்கு, அது எழுந்துபோன பின் குட்டிக்கு. கீழ்வீட்டிலிருந்து இப்போது புகார் வருவதில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சிக்கல் இருந்தால் அடுத்த கூட்டத்துக்கு முன்பே சொல்லுங்கள். கொசுவலைச் சட்டம் அவர்களிடம் சும்மாதான் இருக்கிறது; இரவல் தருவதாகச் சொன்னார்கள்.